அண்டாவில் இருந்த ராகேலம்மாள்

அந்தக் காலத்துப் பெண்களுக்கு என்னென்ன பேர் வைத்தார்கள்? எந்தப் பேர் எப்போது காணாமல் போனது? சில மாதங்களாக எனக்குப் பிடித்திருக்கும் கிறுக்கு இது.

போன வாரம் சித்தூரில் எங்கள் சபையின் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். ஆண்கள் எல்லாரும் பேரோடு படுத்திருக்கிறார்கள். பெண்கள்? 'யாக்கோபின் மனைவி', 'தேவசகாயத்தின் தாயார்'... பரலோகத்தில் இவர்களை எப்படித்தான் கூப்பிடுகிறார்களோ! எரிச்சலாக வந்தது.

வெளியே வந்தால், ஆலய வாசலில் மாதர் சங்கச் செயலாளர் எஸ்தர் அக்கா பழைய பித்தளைச் சாமான்களை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தார். அறுப்புப் பண்டிகை விருந்துக்குச் சோறு வடித்த அண்டாக்கள், தாம்பாளங்கள். திருப்பதியில் ஒரு பாத்திரக் கடையில் போட்டுவிட்டு எவர்சில்வர் வாங்கப் போகிறார்களாம்.

ஓர் அண்டாவின் விளிம்பில் புள்ளி புள்ளியாக எழுத்து. புடவைத் தலைப்பால் தேய்த்தேன். 'ராகேலம்மாள்'. அடுத்ததில் 'லேயாள்'. இன்னொன்றில் 'ஞானசுந்தரம்', அதுவும் அந்தக் காலத்துப் பெண் பேர்தான். கணவர் பேர் இல்லை, இனிஷியல்கூட இல்லை!

சீர்ப் பாத்திரமாயிற்றே... ஓரகத்தி பாத்திரத்தோடு கலந்துவிடக் கூடாதென்று பெண்ணின் பேரைத்தானே வெட்டுவார்கள்? அதையே பிறகு ஆலயத்துக்குக் காணிக்கையாகக் கொடுத்திருக்கிறார்கள்.

"அக்கா, இத உருக்கிட்டா இவங்க பேரு வேற எங்கியும் இல்ல!"

அக்கா குனிந்து பார்த்தார். "இன்னாம்மா இது... இத்தினி வருசமா தேய்ச்சிக்கினு இருக்கேன், கண்ணுலியே படலியே!" கொஞ்ச நேரம் விரலால் அந்த எழுத்தைத் தடவினார். பிறகு டிரைவரிடம், "அண்டாவெல்லாம் எறக்குப்பா. கமிட்டில நான் பேசிக்கிறேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பேர் இல்லாத தாம்பாளங்களை மட்டும் எடுத்துக்கொண்டு திருப்பதிக்குப் போனோம். அக்கா தன் காணிக்கையாக ஒரு புது அண்டா வாங்கினார். பேர் வெட்டுகிறவர் மெஷினைக் கையில் எடுத்து, "பேரு செப்பண்டி" என்றார்.

"மிஸஸ் ஜான்சன்" என்றார் அக்கா.

நான் முறைத்தேன். இப்போது எங்கள் ஆலயத்தில் ஃபேன், நாற்காலி எல்லாவற்றிலும் மிஸஸ்கள்தான். பள்ளிக்கூடமே போயிருக்காத ராகேலம்மாள் தன் பேரில் கொடுத்தார். டிகிரி வாங்கிய நாம்? அதையே அக்காவிடம் கேட்டேன்.

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அட, ஆமால்ல! எஸ்தர்னு வெட்டுங்க... நல்லா பெருசா!"

அந்த அண்டாவில்தான் இந்த வருஷ விருந்துச் சோறு. ராகேலம்மாளின் அண்டாவும் பக்கத்து அடுப்பில் ஏறும்.

ஜான்சன் அண்ணன்தான் உஷாராக இருக்க வேண்டும். நாளைக்கு அவர் கல்லறைக் கல்லில் 'எஸ்தரின் கணவர்' என்று போட்டுவிட்டால்?