விரால் அம்பின் முள்

எங்கள் ஊர்க் குளம் சித்திரையில் வற்றி, மடைப்பள்ளத்தில் மட்டும் இடுப்பளவு தண்ணீர் நிற்கும். விரால் எல்லாம் அங்கே வந்து அடையும். ஆட்கள் வரிசையாக இறங்கிக் கம்பால் தண்ணீரை அடித்து, மீனை மடைப்பக்கம் நெருக்குவார்கள். மடைக்கல்லில் ஒரே ஒருவர் மூங்கில் வில்லோடு நிற்பார். மூச்சுவிட மேலே வருகிற விராலை அவர்தான் அடிக்க வேண்டும். அம்பின் வாலில் கயிறு கட்டியிருக்கும்; மீனை அதைப் பிடித்து இழுத்துவிடலாம். அடுத்தடுத்து இரண்டு அம்பு வெறுமனே வந்தால் கல்லைவிட்டு இறங்கி, வில்லை அடுத்த ஆளிடம் கொடுத்துவிட வேண்டும். அந்தக் கோடையில் மறுபடி ஏறக் கூடாது.

எங்கள் வீட்டுக்காரர் கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கல்லைவிட்டு இறங்கியதே இல்லை. வயக்காட்டு வேலைக்குப் போய்ச் சாப்பிடுகிற குடும்பம் எங்களுடையது. அந்தக் கல்லில் நிற்கிற அந்த ஒருநாள்தான் அவருக்கென்று இருந்தது.

நான் சொல்லுவது தொண்ணூற்று மூன்றிலோ நாலிலோ நடந்தது. மறுநாள் குளத்தில் மீன் பிடிக்கிறார்கள். எங்கள் அண்ணனும் அதற்கென்று வந்திருந்தான். வீட்டுக்காரருக்கோ களத்தில் வைக்கோல் போர் போடுகிற வேலை முடியவில்லை. அம்பு மூன்றும் போன வருஷத்து மழுங்கலோடு, எண்ணெய்த் துணி சுற்றிக் கூரை இறவாரத்தில் செருகியபடியே இருந்தன. நான் அதுவரை அவற்றைத் தொட்டதில்லை. நாமே தீட்டி வைத்துவிட்டால் வந்து பார்த்துச் சந்தோஷப்படுவாரே என்று எனக்கு ஒரு ஆசை. அழுக்குத் துணியோடு சேர்த்து ஆற்றுக்குக் கொண்டுபோனேன்.

துணியை அலசிக் காயப்போட்டுவிட்டு, ஆள் வராத பக்கமாகப் போய்ப் பாறையில் உட்கார்ந்தேன். கால் இரண்டும் தண்ணீருக்குள். பாறைமேல் ஈரமணலை அள்ளிப் போட்டு, இரும்பைச் சாய்த்துப் பிடித்துத் தேய்த்தேன். துருக்கரைசல் செங்காவியாக ஓடியது. அயிரைக் குஞ்சுகள் வந்து காலைக் கடித்தன. மழுங்கலாக இருக்கிறவரை கரகரவென்று கேட்கும். கூர் ஏற ஏற சத்தம் மெலிந்துபோகும். அருவாமனை தீட்டுகிற காது எனக்கு, அது உடனே பிடிபட்டது. நகத்தில் வைத்துப் பார்த்தேன். வழுக்காமல் நின்றது.

நுனிக்குக் கீழே மட்டும் ஒரு பிசிறு, பின்பக்கமாக நீட்டிக்கொண்டிருந்தது. மடைக்கல்லில் மோதி இரும்பு பிளந்திருக்கிறது என்று நினைத்தேன். இரண்டு அம்பிலும் அது இருந்தது. அதைத் தேய்த்து எடுக்கத்தான் அவ்வளவு நேரம் ஆனது. உள்ளங்கை கொப்புளித்துவிட்டது. மூன்றாவது அம்பைத் தொட முடியாமல் அப்படியே சுற்றி வைத்தேன். அந்தப் பிசிறுதான் மீனை நழுவவிடாமல் பிடிக்கிற முள் என்று எனக்குத் தெரியாது. தூண்டில் முள்ளை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், புத்தி அங்கே போகவில்லை.

அன்று களத்திலிருந்து வந்தவரிடம் தீட்டியாயிற்று என்று மட்டும் சொன்னேன். அலுப்பில், அவிழ்த்துப் பார்க்காமலே படுத்துவிட்டார்.

மறுநாள் அண்ணனுக்கும் அவருக்கும் கஞ்சி கொண்டுபோய், கரையில் உடைமரத்தின் பின்னால் ஒதுங்கி நின்றேன். முதல் விரால் மேலே வந்தது. அடித்தார். கயிறு வெடுக்கென்று இழுபட்டது, பிறகு தொய்ந்துவிட்டது. அம்பு வெறுமனே வந்தது. கலங்கல் தண்ணீரில் மீன்மேல் தைத்ததா என்று யாருக்கும் தெரியவில்லை. இரண்டாவது அம்பும் அப்படியே.

அதை அவர் கையில் எடுத்துப் பார்த்தார். நுனியில் ஒரு செதில் ஒட்டியிருந்தது. பெருவிரலால் இரும்பைத் தடவினார். தலையைத் தூக்கி நான் நின்ற பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பிறகு செதிலைத் தொடையில் துடைத்துவிட்டார்.

தண்ணீருக்குள் நின்ற அண்ணன் சிரித்தான். “என்ன மாப்ள, மீனுக்கு நோகக்கூடாதுன்னு அடிக்கீரா? கண்ணு மங்கிட்டு போல. எறங்கும்வே.”

“மங்கித்தான் போச்சு,” என்றார் அவர். ஒரு காலைக் கல்லிலிருந்து இறக்கிவிட்டார்.

அத்தனை ஆண்கள் நடுவில் நான் வாய் திறந்தவள் இல்லை. அண்ணனிடம்கூட முகம் பார்த்துப் பேச மாட்டேன். எப்படி மரத்தை விட்டு வெளியே வந்தேனோ தெரியவில்லை.

“அண்ணே, அவுக குறி தப்பல,” என்றேன். “முள்ளு ரெண்டையும் நாந்தான் தேச்சுப் போட்டேன். பிசிறுன்னு நெனச்சேன். மூணாவது அம்புல முள்ளு இருக்கு.”

கம்பால் அடிக்கிற சத்தம் நின்றுவிட்டது. அண்ணன் கரையேறி, அம்பு மூன்றையும் வாங்கித் தடவிப் பார்த்தான். என் உள்ளங்கையையும் விரித்துப் பார்த்தான். பிறகு தண்ணீரில் நின்றவர்களைப் பார்த்து, “மாப்ள கண்ணு நல்லாத்தான் இருக்கு. எங்க வீட்டுப் பிள்ள கைதான் ரொம்பச் சுத்தம்,” என்றான். குளமே சிரித்தது. ஒரு பெரியவர், ஆள் தப்பவில்லை, அம்புதான் தப்பு, கல்லிலேயே நிற்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

அந்த மழுங்கல் அம்பாலேயே அவர் அடித்தார். வந்தது பெரிய விரால் இல்லை, முழங்கை நீளம்கூட இருக்காது. ஆனால் அம்போடு வந்தது. அதற்குள் நான் கஞ்சிச் சட்டியை எடுத்துக்கொண்டு வேகமாக வீட்டைப் பார்த்து நடந்துவிட்டேன். மீன் வந்ததை அண்ணன் சொல்லித்தான் தெரியும்.

இனி அம்பைத் தொடாதே என்று சொல்வார் என்றுதான் நினைத்தேன். அன்று ராத்திரி மீன்குழம்பைத் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டே, “ஏளா, கூரு நல்லாத்தான் இருந்துது,” என்றார்.

அடுத்த சித்திரையில் நான் ஆற்றுக்குக் கட்டிவைத்த துணிமூட்டைமேல் அம்பு மூன்றும் இருந்தன, அவரே வைத்திருந்தார். புதிதாக வெட்டிய முள்ளின்மேல், கல் படாதபடி, என் பழைய சேலைக் கிழிசலைச் சுற்றி நூலால் இறுக்கிக் கட்டியிருந்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான் கட்டிக் கொடுத்தார். முள் எதற்கு என்று எனக்குத்தான் நன்றாகத் தெரிந்துவிட்டதே. இருந்தாலும், கட்ட வேண்டாம் என்று நான் ஒரு தடவையும் சொன்னதில்லை.