எஸ்போசிற்றோ வீட்டாரை விசாரிக்கப் போனது

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு அஜக்ஸ் ஸ்ரேசனில் கோ ரெயின் ஏறினேன். வார இறுதியில் பத்து டொலர் பாஸ் எடுத்தால் நாள் முழுக்கப் போய்வரலாம். போகவேண்டிய இடம் ரொறொன்ரோவின் மேற்கில், சென்ற் கிளயர் வீதியில் இருக்கும் இத்தாலியர்களின் கடைத்தெரு. யூனியன் ஸ்ரேசன் வரை ஏறக்குறைய நாற்பத்தைந்து கிலோமீற்றர், அங்கிருந்து சப்வே, பிறகு ஸ்ரீற்கார். காரில் போயிருக்கலாம். ஆனால் வீட்டில் பொய் சொல்லிவிட்டு வெளிக்கிட்டவனுக்கு 401 நெடுஞ்சாலையில் கார் ஓட்டும் மனநிலை இருக்கவில்லை.

வீட்டில் சொன்ன காரணம் கல்யாண கார்ட். என் மகள் நிலா, லூக்கா எஸ்போசிற்றோ என்ற பையனைக் கட்டப் போகிறாள். எங்கள் ஆட்களின் கார்ட்டில் பெண், மாப்பிள்ளை, பெற்றார் என்று நிறுத்த முடியாது. இரண்டு பக்கத்து அப்பப்பா, அப்பம்மா, அம்மப்பா, அம்மம்மா எல்லோரும் தங்கள் தங்கள் ஊரோடு அதில் வரவேண்டும். திங்கட்கிழமை அச்சுக்குக் கொடுக்கவேண்டும். மாப்பிள்ளை பக்கத்துப் பெயர்களை நேரில் வாங்கி வருகிறேன் என்றேன். வட்ஸ்அப்பில் கேட்டால் ஒரு நிமிடத்தில் வந்துவிடுமே என்று நிலா சொன்னது நியாயம்தான்.

உண்மையில் நான் போனது விசாரிக்க. என் மனைவியின் தம்பி ஒரு மாதமாக அரித்துக்கொண்டிருந்தான். "உவையள் ஆர் ஆக்கள் எண்டு ஒருக்கா விசாரிக்க வேணும் அத்தான்" என்பதுதான் அவனுடைய ஒரே பேச்சு. ஊரில் இதற்கு ஒரு முறை உண்டு. மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. அந்தத் தெருவில் உள்ள கடையில் ஒரு சோடாவை வாங்கிக் குடித்தபடி, இந்த வீட்டுக்காரர் எப்படி என்று ஒன்றும் தெரியாதவன் மாதிரிக் கேட்பது. கனடாவில் முப்பத்தைந்து வருடம் இருந்தும் அந்தப் புத்தி எனக்கும் போகவில்லை.

அதற்குள்ளே இன்னொரு கள்ளப் புத்தியும் இருந்தது. கார்ட்டில் பெண்ணின் அப்பப்பா என்ற இடத்தில் முருகேசு என்று எழுதியிருக்கிறேன். அப்பம்மா என்ற இடம் வெறுமையாக இருக்கிறது. நிலா இரண்டு தரம் கேட்டுவிட்டாள். முருகேசு என் தகப்பன் இல்லை. யாழ்ப்பாணத்தில் நான் வளர்ந்த சிறுவர் இல்லத்தின் பொறுப்பாளர் அவர். அந்த இல்லத்துக் கேற்றடியில் என்னை ஒரு துவாயில் சுற்றி யாரோ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பதிவுக்குத் தகப்பன் பெயர் கேட்டபோது அவர் தன் பெயரைக் கொடுத்தார். கனடாவில் குடும்பப் பெயர் கேட்டபோது நானும் அதையே எழுதினேன். மகளுக்கும் அதுவே ஆகிவிட்டது. கல்யாணம் கட்டினாலும் முருகேசுவை விடமாட்டேன், அது என் அப்பப்பாவின் பெயர் என்று அவள் எல்லோருக்கும் பெருமையாகச் சொல்லுகிறாள். உண்மை தெரிந்தவள் என் மனைவி மட்டும்தான். எஸ்போசிற்றோ வீட்டில் ஏதாவது ஒரு ஓட்டை கண்டுபிடித்தால் என் ஓட்டை சின்னதாகத் தெரியும் என்று நினைத்தேன். எழுத வெட்கமாக இருக்கிறது.

ரூஜ் ஹில் ஸ்ரேசன் தாண்டியதும் இடப்பக்கம் ஏரி தெரிந்தது. முன் இருக்கையில் இருந்த எங்கள் ஊர்ப் பெண்மணி ஒருவர் என் முகத்தைப் பார்த்ததும் தமிழ் என்று கண்டுகொண்டார். இரண்டாவது கேள்வியே ஊரில் எவடம் என்பதுதான். அச்சுவேலி என்றேன். முப்பத்தைந்து வருடமாக எல்லோருக்கும் சொல்லும் ஊர் அது. அச்சுவேலியில் யாருடைய மகன் என்று அடுத்த கேள்வி வரும் முன் ஃபோனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டேன்.

பத்தரைக்கு யூனியன். அங்கிருந்து மூன்று டொலர் முப்பது சதத்துக்குச் சப்வேயும் ஸ்ரீற்காரும். பதினொன்றே காலுக்கு டஃபரின் சந்தியில் இறங்கினேன். கல்யாண உடுப்புக் கடை, ஐஸ்கிரீம் கடை, சப்பாத்துக் கடை, நடுவில் ஸ்பானிய எழுத்தோடு சில புதுக் கடைகள். இத்தாலியர்களில் பாதிப் பேர் வடக்கே பெரிய வீடு வாங்கிப் போய்விட்டார்கள் என்று லூக்கா சொல்லியிருந்தான். அவனுடைய தகப்பன் டீனோ மட்டும் போகவில்லை. அவர் ரைல்ஸ் பதித்து ஓய்வுபெற்றவர். ஒரே ஒரு தரம் ஒரு ரெஸ்ரோரண்டில் சந்தித்திருக்கிறோம்.

அவருடைய தெரு முனையில் ஒரு கோப்பிக் கடை இருந்தது. சோடாவுக்குப் பதிலாக இரண்டே முக்கால் டொலருக்கு ஒரு எஸ்பிரெசோ வாங்கினேன். எல்லோரும் நின்றபடியே குடித்தார்கள், நானும் நின்றேன். கடைக்காரப் பெண்ணிடம், இங்கே எஸ்போசிற்றோ என்று ஒரு குடும்பம் இருக்கிறதாமே, எப்படியான ஆட்கள் என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, எந்த எஸ்போசிற்றோ, இந்த வட்டாரத்தில் எத்தனையோ பேர் இருக்கிறார்களே என்றார். ரைல்ஸ் வேலை செய்த டீனோ என்றேன். வரி அலுவலகத்திலிருந்து வருகிறீர்களா என்று கேட்டார். பதறிப்போய், இல்லை, பெண்ணின் தகப்பன் என்று உளறிவிட்டேன். கடை முழுக்கச் சிரித்தது. அவர் ஃபோன் எடுத்து யாருக்கோ இத்தாலிய மொழியில் இரண்டு வசனம் பேசினார். ஐந்து நிமிடத்தில் வீட்டுச் செருப்போடு டீனோ வந்து நின்றார்.

ஓடி ஒளிய இடம் இல்லை. உண்மையைச் சொன்னேன். எங்கள் வழக்கம் இப்படி என்றேன். அவர் கோபப்படவில்லை. இத்தாலியில் நாப்போலிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரிலும் ஒரு காலம் இப்படித்தான் கேட்பார்கள், ஆனால் எங்களைப் பற்றிக் கேட்கமாட்டார்கள், பெயரே சொல்லிவிடும் என்றார். பெயர் என்ன சொல்லும் என்று கேட்டேன். என்னை மூலை மேசைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

அவர் சொன்னது இது. நாப்போலியில் ஒரு தேவாலயத்தோடு சேர்ந்த பெரிய அனாதை இல்லம் இருந்தது. அதன் சுவரில் மரத்தால் செய்த உருளை ஒன்று. வளர்க்க முடியாத தாய் வெளியே நின்று குழந்தையை அதில் வைத்துச் சுழற்றுவாள். உள்ளே இருப்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள். யார் முகத்தையும் யாரும் பார்ப்பதில்லை. அப்படி வந்த பிள்ளைகளுக்கு வைத்த பெயர் எஸ்போசிற்றோ. வெளியே விடப்பட்டவர் என்று பொருள். பிள்ளைகள் வாழ்நாள் முழுக்க அந்த அடையாளத்தைச் சுமக்கிறார்கள் என்று பின்னாளில் அரசே அந்தப் பெயரை வைக்கக்கூடாது என்று தடுத்தது. அதற்குள் அது ஊரெல்லாம் பரவிவிட்டது. இன்றைக்கு நாப்போலியில் ஆக அதிகமான குடும்பப் பெயர் அதுதான். இத்தாலி முழுவதிலும் முன்வரிசையில் நிற்கிறது. ரோமாபுரிப் பக்கம் இப்படியான பிள்ளைகளுக்குப் புரொயெற்றி என்றும் மிலானில் கொலொம்போ என்றும் வைத்தார்களாம். ஒரு காலம் கொழும்பில் வாழ்ந்து கலவரத்தில் தப்பியவனுக்கு அந்தக் கடைசிப் பெயர் கொஞ்சம் உறுத்தியது.

"கார்ட்டுக்கு லூக்காவின் தாத்தா, பாட்டி பெயர்கள் தருகிறேன்" என்றார் டீனோ. "என் பக்கத்தில் அதற்கு அங்கால் போனால் ஒரு சுவர்தான் இருக்கிறது."

நான் கண்டுபிடிக்க வந்த ஓட்டை இதுதான். அதை அவர் ஒளிக்காமல், கோப்பிக் கடையில், பெயர்ப் பலகை மாதிரி வைத்துக்கொண்டு இருந்தார். பத்து நிமிடம் எடுத்து என் கதையைச் சொன்னேன். கேற்றடி, துவாய், முருகேசு, அச்சுவேலிப் பொய், எல்லாம். மனைவிக்குப் பிறகு நான் சொன்ன முதல் ஆள் அவர். மகளுக்குத் தெரியுமா என்று கேட்டார். இல்லை என்றேன்.

"லூக்காவுக்கு அப்போது ஏழு வயது. பள்ளிக்கூடத்தில் யாரோ பெயரின் அர்த்தத்தைச் சொல்லிச் சிரித்துவிட்டார்கள். நான் முதலே சொல்லியிருந்தால் அவன் அழுதிருக்கமாட்டான். உங்கள் மகள் இதை வேறு ஒருவர் வாயால் கேட்கவிடாதீர்கள்."

ஒரு கடதாசியில் நான்கு பெயர்களும் ஊர்களும் எழுதித் தந்தார். கோப்பிக் காசைக் கடைக்காரப் பெண் திருப்பித் தந்துவிட்டார். இனி நான் சொந்தக்காரனாம்.

பிற்பகல் மூன்று நாற்பதுக்கு அஜக்ஸில் இறங்கினேன். நிலா கார் கொண்டு வந்திருந்தாள். ஸ்ராற் பண்ண வேண்டாம் என்று சொல்லி, அந்தத் தரிப்பிடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஸ்ரேரிங்கைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். கண் கலங்கியது, ஆனால் அழவில்லை.

"ஏனப்பா இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"நீ அந்தப் பேரை விட்டிடுவாய் எண்டு பயந்தன்."

ஸ்ரேரிங்கிலிருந்து கையை எடுத்தாள். பிறகு, அப்பம்மாவின் இடத்தை வெறுமையாகவே விடுவோம், அது எங்கள் சுவர் என்றாள். நான் தலையாட்டினேன்.

"அவர் எத்தினை பிள்ளையளுக்கு உப்பிடித் தன்ர பேரைக் குடுத்தவர்?"

"என்னோட சேர்த்துப் பதினாலு பேர்."

"அப்ப எனக்குப் பதின்மூண்டு பெரியப்பா, சித்தப்பா. ஒருத்தரையும் நீங்கள் வெடிங்குக்குச் சொல்லேல்லை."

எனக்கு அப்படி ஒரு கணக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. மூன்று பேரின் விலாசம் தெரியும். ஐந்து பேர் சண்டையில் போய்விட்டார்கள். மற்றவர்களை நான் தேடவே இல்லை. தேடினால் என் பொய் வெளியே வந்துவிடும் என்று இருந்துவிட்டேன். அடுத்தவன் குடும்பத்தை விசாரிக்க மட்டும் ரெயின், ஸ்ரீற்கார் என்று மாறிமாறிப் போகத் தெரிந்தது. அவள் ஃபோனைத் திறந்து, சொல்லுங்கோ, எழுதுகிறேன் என்றாள். முருகேசு யோகநாதன், முருகேசு சிவராசா, முருகேசு அருமைநாயகம் என்று விலாசம் தெரிந்த மூன்று பெயரையும் சொல்லி நிறுத்தினேன்.

"செத்துப்போன ஆக்களின்ர பேரையும் சொல்லுங்கோ அப்பா" என்றாள்.