கோட்டையூரார் படம்

போன மாதம் மதினியின் கைபேசியில் ஒரு சின்னப் பெட்டி எழும்பியது. அவர் கணவரான என் அண்ணனுக்கு அறுபதாம் கல்யாணம் வருகிறது. சொந்தக்காரர்களுக்கு அனுப்பும் அழைப்பிதழைத் தானே செய்துவிட வேண்டும் என்று மதினிக்கு ஆசை. அவருடைய மகன் அதற்கான செயலி ஒன்றைப் போனில் ஏற்றிக் கொடுத்துவிட்டு பெங்களூருக்கு ரயிலேறிவிட்டான். படம் சேர்க்கும் இடத்தைத் தொட்டதும் அந்தப் பெட்டி வந்து, உங்கள் படங்களை இந்தச் செயலி எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டது. கீழே இரண்டு பதில்கள். "தம்பி, இது என்னமோ கேக்குது, வந்து பாருங்களேன்" என்று மதினி கூப்பிட்டார். நான் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தேன். தேடும்போதே பழைய பெட்டி ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. சாம்பல் நிறப் பெட்டி. அதுவும் மதினியிடம்தான் ஒரு கேள்வி கேட்டது.

தொண்ணூறுகளின் கடைசியில் காரைக்குடியில் நானும் மதினியும் ஒரு கம்ப்யூட்டர் கடை நடத்தினோம். நடத்தினோம் என்பது என் வாய்ஜாலம். நடத்தியவர் மதினி. தேவகோட்டையில் பிறந்தவர், கல்யாணத்துக்கு முன்பே கம்ப்யூட்டர் படித்தவர். நான் டிகிரி முடித்துவிட்டு ஊரைச் சுற்றிக்கொண்டிருந்த கொழுந்தன். விசிட்டிங் கார்டு, காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி என்று எது வந்தாலும் மதினி வடிவமைப்பார். நான் பிரஸ்ஸுக்கு அலைவேன், டீ வாங்கி வருவேன், வாடிக்கையாளர்களிடம் எல்லாம் நானே செய்ததுபோல் பேசுவேன். கோட்டையூர் வீட்டில் அடுப்படி வேலையை முடித்துவிட்டு டவுன் பஸ்ஸில் வந்து இறங்கி, அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் மதினியின் முகமே மாறிவிடும். வீட்டில் நான் பார்த்தறியாத முகம் அது.

எங்கள் கம்ப்யூட்டரின் வயிறு சிறியது. ஒரே படத்துக்கு வேலைக்கொரு நகல் வைத்தால் ஒரு முகூர்த்த மாதத்தைத் தாங்காது. அதனால் மதினி ஓர் ஏற்பாடு செய்திருந்தார். ஸ்கேன் செய்த படமெல்லாம் ஒரே ஃபோல்டரில் இருக்கும். படப்பெட்டி என்று அதற்குப் பெயர். படத்தைத் திருத்தும் புரோகிராம், பக்கம் கட்டும் புரோகிராம், கார்டு அடிக்கும் புரோகிராம் எல்லாமே அந்தப் பெட்டியிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். பக்கத்துக்குள் படம் இருக்காது. படத்தின் விலாசம் மட்டும்தான் இருக்கும். பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் அது அந்த விலாசத்துக்குப் போய், அந்தப் பெயரில் அங்கே யார் இருக்கிறாரோ அவரைக் கூட்டிவந்து நிறுத்தும். ஆள் மாறியிருக்கிறாரா என்றெல்லாம் அதற்குத் தெரியாது.

அப்போதுதான் அண்ணனுக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்தது. ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே என்னிடம் சொன்னார்: "நான் இல்லாத நேரத்துல அவ கடையில உக்காந்திருந்தா ஊருல நாலு விதமாப் பேசுவாக. நான் கெளம்பயில அவ கடையிலருந்து நின்னுக்கிறட்டும். நீ ஒரு ஆளப் போட்டுப் பாத்துக்க." மதினி பக்கத்தில் நின்று ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார். அண்ணன் கெட்டவரில்லை. கைநீட்டியதில்லை, குடித்ததில்லை. மதினியிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யலாம் என்பது மட்டும் அவருக்குத் தோன்றியதே இல்லை. எனக்கும் தோன்றவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மறுநாள் கடையில் மதினி, "படத்துக்கெல்லாம் ஒழுங்காப் பேரு போட்டு வச்சிட்டுப் போறேன் தம்பி. பொறகு நீங்க தேடித் திண்டாடக் கூடாதுல்ல" என்றார்.

விசா வேலையாக அண்ணன் மெட்ராஸ் போயிருந்த நாளில் தேவகோட்டையிலிருந்து ஒருவர் அவசரமாக வந்தார். "எங்க கோட்டையூரார் தவறிட்டாக தம்பி. விடியிறதுக்குள்ள போஸ்டர் ஒட்டணும்" என்று ஒரு போட்டோவை நீட்டினார். தேவகோட்டைக்காரர்கள் கோட்டையூர் மாப்பிள்ளையை அப்படித்தான் சொல்வார்கள். மதினி விண்ணப்பத்தை ஜெராக்ஸ் எடுக்கப் போயிருந்தார். நானே, வந்தவர் சொன்னபடி கோட்டையூரார் என்று ஆங்கில எழுத்தில் பெயர் போட்டுப் படப்பெட்டியில் வைத்தேன். பூமாலைச் சட்டத்துக்குள் படத்தைப் பொருத்தி, பக்கத்தைச் சேமித்து, திரையிலேயே காட்டினேன். சரியாக இருக்கிறது என்று அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. வந்திருந்தவருடன் நான் டீக்கடைக்குப் போனேன்.

கரண்ட் திரும்பியபோது கடையில் மதினி மட்டும் இருந்தார். அண்ணனின் விண்ணப்பத்துக்கான போட்டோவை ஸ்கேன் செய்து சேமிக்கப் போனார். மதினி அண்ணனின் பெயரைச் சொல்ல மாட்டார். வாயால் சொல்லாத பெயரை விரலாலும் தட்ட மாட்டார் என்பது எனக்கு அதுவரை தெரியாது. பிறந்த வீட்டில் எல்லாரும் சொல்வதுபோல் கோட்டையூரார் என்றே அடித்திருக்கிறார். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு படம் இருக்கிறது, அதை எடுத்துவிட்டு இதை வைக்கவா என்று அந்தச் சாம்பல் பெட்டி கேட்டிருக்கிறது. காலையில் அண்ணன் படத்தை அவர் ஒருமுறை ஸ்கேன் செய்திருந்தார், கோணலாக விழுந்ததால் சேமிக்காமலே எழுந்துவிட்டார், ஆனால் சேமித்துவிட்டதாக அவருக்கு நினைப்பு. அந்தப் படம்தான் என்று நினைத்துச் சரி என்று அமுக்கிவிட்டார். நான் திரும்பி வந்து, பக்கத்தைத் திறந்துகூடப் பார்க்காமல், பக்கத்தையும் படத்தையும் ஃப்ளாப்பியில் ஏற்றிக்கொண்டு பிரஸ்ஸுக்கு ஓடினேன். அங்கே எங்கள் அண்ணன் முகம் யாருக்கும் தெரியாது. கூலிக்கு ஒட்டியவர்களுக்கும் தெரியாது.

மறுநாள் கடை திறக்க நான் கோட்டையூரிலிருந்து குறுக்கு வழியாக சைக்கிளில் போய்விட்டேன். மதினி வழக்கம்போல் பஸ்ஸில் வந்தார். பஸ் நின்ற இடத்தில், ஜன்னலுக்கு எதிரே இருந்த சுவரில், மாலை போட்ட சட்டத்துக்குள் அவர் புருஷன் முகம் இருந்தது. கீழே கண்ணீர் அஞ்சலி. பஸ் நகர்ந்துவிட, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, நடந்தே திரும்பிப் போய், எழுத்தைப் படித்த பிறகுதான் அது வேறு ஆளின் பெயர் என்று தெரிந்திருக்கிறது. கடைக்கு வந்து நடந்ததைச் சொல்லும்போது அவர் குரலில் நடுக்கம்கூட இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

இறந்தவர் வீட்டுக்காரர்கள் வந்து சத்தம் போட்டார்கள். காலில் விழாத குறையாகக் கெஞ்சி, வேறு போஸ்டர் அடித்துக் கொடுத்தோம். பழையதைக் கிழிக்க நான் போனேன். பசை காயவில்லை. அண்ணன் முகம் ஒரேயடியாக வராமல் துண்டு துண்டாகத்தான் வந்தது. ஒரு சுவரில் கண் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை நகத்தால் சுரண்டினேன். கூடப்பிறந்தவனின் முகத்தைச் சுவரிலிருந்து சுரண்டுவது எப்படி இருக்கும் என்று கேட்டால், இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது.

கடைக்குத் திரும்பியபோது மதினி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து என் கையில் ஊற்றினார். ஊற்றிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "தம்பி, அந்தப் படத்தப் பாத்தவொடன எனக்கு அழுக வரல. அப்பக் கடைய விட்டு நிக்க வேணாம்னுதான் மொதல்ல தோணுச்சு." சொம்பில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. "நான் மனுசியா தம்பி?" என்றார். இல்லை மதினி, அப்படியெல்லாம் நினைக்காதீர்கள் என்று யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள். நான் கையைத் துடைக்கத் துணி தேடினேன்.

மெட்ராஸிலிருந்து திரும்பிய அண்ணன் விஷயத்தைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "செத்தான்னு சொன்னா ஆயுசு கெட்டிடா" என்று தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அவர் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்தச் சந்தோஷத்தில் ராத்திரி சாப்பிடும்போது, "சரி, அவளுக்கு இஷ்டம்னா நான் போன பொறகும் கடைக்குப் போகட்டும். என்ன, போறியா?" என்று கேட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்டார். மதினி தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "வேணாம், நான் வீட்டுலயே இருக்கேன்" என்றார்.

அண்ணன் என்னைப் பார்த்தார். நீ என்னடா சொல்றே என்பதுபோல் ஒரு பார்வை. மதினி ஏன் வேண்டாம் என்கிறார் என்பது அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். வாங்க மதினி, நீங்க இல்லாம கடை ஓடாது என்று ஒரு வாக்கியம் போதும். வாயைத் திறந்தால் அவர் சொன்னது எப்படியாவது வெளியே வந்துவிடுமோ என்று பயந்தேன். பயம் மட்டும்தானா என்று பிற்பாடு பல தடவை என்னையே கேட்டிருக்கிறேன். கடை எனக்கென்று ஆனது, அவர் போட்டு வைத்த பெயர்களாலும் ஏற்பாட்டாலும் வளர்ந்தது, அந்த வருமானத்தில்தான் என் கல்யாணம் நடந்தது. அன்றைக்கு நான் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு யார் எதைக் கேட்டாலும் மதினி வேண்டாம் என்பார். மஸ்கட்டுக்குக் கூப்பிட்டபோதும் வேண்டாம், பழைய கம்ப்யூட்டரை வீட்டில் கொண்டுவந்து வைக்கட்டுமா என்று நான் கேட்டபோதும் வேண்டாம். அண்ணன் ஊரோடு வந்துவிட்ட பிறகு அவர் இருமினால் மதினி அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடுவார். இப்படி ஒரு பொஞ்சாதி கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று ஊரே சொல்கிறது. அந்தப் பேச்சு வந்தால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.

அதனால்தான் அழைப்பிதழைத் தானே செய்கிறேன் என்று மதினி சொன்னபோது எனக்கு நம்ப முடியாமல் இருந்தது. இத்தனை வருடத்தில் அவராகக் கேட்ட ஒன்று அது. கண்ணாடி ஒருவழியாகக் கிடைத்தது. மாட்டிக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பெட்டிக்குக் கீழே ஒரு பக்கம் அனுமதி, இன்னொரு பக்கம் வேண்டாம். உள்ளேயிருந்து அண்ணன், "என் படத்தப் போட்டாச்சா?" என்று குரல் கொடுத்தார். மதினியின் விரல் திரைமேல் இறங்கிக்கொண்டிருந்தது.

"சரின்னு அமுக்குங்க மதினி" என்றேன்.

அதற்குள் அவர் வேண்டாம் என்பதை அமுக்கிவிட்டார். பெட்டி மறைந்துபோனது. மதினி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இப்பச் சொல்றீகளே, தம்பி" என்றார்.