பிரியாத தையல்

என் வீட்டுக்காரர் பனியன் கம்பெனி வைத்திருக்கிறார். காருக்கு சீட் கவர் வேண்டுமென்றால் கடைக்குப் போவாரா? எக்ஸ்போர்ட்டில் மிஞ்சிய துணி கிடக்கிறது, மெஷின் கிடக்கிறது என்று தானே தைக்க உட்கார்ந்துவிட்டார். பக்கவாட்டில் இரட்டைத் தையல், போதாதென்று அதன்மேல் இன்னொன்று. மல்லுக்கட்டி மாட்டி முடித்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"இழுத்துப் பாரு புள்ள, பிரியுதான்னு!"

இழுத்தேன். என் நகம்தான் உடைந்தது.

மறுநாள் வண்டியைக் கிளப்பினால், முன்னால் ஏர்பேக் விளக்கு சிவப்பாக எரிகிறது. அணையவே இல்லை.

"அது சும்மா கிறுக்குப் பண்ணுது. வண்டி ஓடுதல்ல?" என்றார்.

இரண்டு நாள் கழித்து விளக்கைக் காணோம். அப்பாடா என்று குனிந்து பார்த்தேன். அதன்மேல், செக்கிங்கில் பாஸான பனியனுக்கு ஒட்டும் வட்ட ஸ்டிக்கர்! அட கெரகமே! ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் பனியனைத் தூக்கி வீசுகிற மனுசன், பெற்ற மகள் ஏறப்போகிற வண்டியை இப்படியா பாஸ் பண்ணுவார்?

மகள் காங்கேயத்தில் வாழ்க்கைப்பட்டவள். ஏழு மாதம். தலைப்பிரசவத்துக்கு ஞாயிற்றுக்கிழமை அழைத்து வர வேண்டும். பின்சீட்டில் உட்கார்ந்தால் அவளுக்குக் குமட்டும், முன்சீட்டில்தான் வருவாள்.

"இந்த வண்டியில எம்புள்ள ஏற மாட்டா. காங்கேயத்துல மாட்டுக்கா பஞ்சம்? வண்டி கட்டிக் கூட்டியாந்துக்கறேன்" என்று கத்தினேன். முனகிக்கொண்டே ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார்.

மெக்கானிக் சீட்டுக்கு அடியில் தலையை விட்டார். "கவர் மாட்டறப்ப இழுத்திருப்பீங்க போல. ஒயர் கழண்டிருக்குதுங்க." அதைச் சரியாக மாட்டி, கம்ப்யூட்டரை இணைத்து ஏதோ செய்தார். ஸ்டிக்கரைப் பிய்த்துப் பார்த்தோம். விளக்கு அணைந்திருந்தது.

"ஒரு ஒயருக்கு என்ன பேச்சுப் பேசுனே!" என்று இவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

மெக்கானிக் சீட்டின் பக்கவாட்டைத் தடவினார். "இது யாரு தெச்சதுங்க?"

"நாந்தானுங்க!" இவருக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

"இந்தச் சீட்டுக்குள்ளயும் ஒரு ஏர்பேக் இருக்குதுங்கண்ணா. வண்டி இடிச்சா கவரைப் பிரிச்சுக்கிட்டு இந்தப் பக்கமாத்தான் வெளிய வரணும். இந்தத் தையல் பிரியுமுங்களா?"

"பிரியறதா? எங்க தையல் என்ன பண்ணாலும் பிரியாதுங்க!"

பழக்கதோஷம், பெருமையாகவே சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. முகம் செத்துவிட்டது.

"இந்தப் பக்கந்தானே பாப்பா உக்காருவா?" என்று என்னிடம் கேட்டார். நான் தலையாட்டினேன்.

சட்டைப் பையில் எப்போதும் வைத்திருக்கும் நூல் வெட்டும் டிரிம்மரை எடுத்துக்கொண்டு, அந்த கிரீஸ் தரையிலேயே உட்கார்ந்தார். அவர் போட்ட தையல் அவருக்கே மசியவில்லை. திட்டலாம் என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, நானும் உட்கார்ந்து மறுமுனையைப் பிரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மகள் கவரில்லாத முன்சீட்டைப் பார்த்துச் சிரித்தாள். "ஏனுங்கப்பா, பனியன் கம்பெனிக்காரர் வண்டிச் சீட்டுக்கு ஒரு துணி இல்லீங்களா?"

"நீ பெல்ட்டைப் போடு கண்ணு" என்றார்.

அவள் போட்ட பிறகும் விடவில்லை. குனிந்து அதை இழுத்து இழுத்துப் பார்த்தார், பிரியுதா என்று.