பட்டறைக்காரர் சொல்லும் தப்பு

"ஃபுட்டுக்குப் பன்மை ஃபுட்ஸ்!" என்று பட்டறை அதிரச் சொல்லிவிட்டு மனைவியின் முகத்தையே பார்க்கிறார் பட்டறைக்காரர். சக்கர நாற்காலியில் இருப்பவரின் புருவம் நெரிகிறது. உதடு கோணுகிறது. கடைசியில் வருகிறது: "ஃபீட்."

"அப்படிப் போடு!" தொடையைத் தட்டிக்கொண்டு அடுத்த அட்டையை எடுக்கிறார்.

லேசுப்பட்ட ஆளில்லை. சத்தத்தைக் கேட்டே லாரி எஞ்சினுக்கு என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டு, ஒற்றை ஸ்பேனரோடு ஆரம்பித்தவரிடம் இன்று பன்னிரண்டு பேர் வேலை பார்க்கிறார்கள். "என் கை பட்ட வண்டி வழியில நின்னதா சரித்திரமே இல்ல" என்பார், கேட்காதவர்களிடமும். தப்பை ஒப்புக்கொண்டதாகவும் சரித்திரம் இல்லை. போல்ட் கழன்றால் பழி ரோட்டின் மேல்தான்.

மனைவி முப்பது வருடம் ஆங்கிலம் நடத்தியவர். கணவருக்கும் அவர் 'டீச்சர்'தான். பக்கவாதம் வலது கையையும் பேச்சையும் சேர்த்து வாரிக்கொண்டு போயிற்று. பேச்சுப் பயிற்சிக்கு வந்த பெண் படம் போட்ட அட்டைகளை நீட்டி நீட்டிப் பார்த்தாள், மூச். ஒருநாள் பட்டறைக்காரர் அட்டையைப் பார்த்து வாய்க்கு வந்ததை உளற, டீச்சர் திருத்தினார். ஐந்து மாதத்தில் அதுதான் முதல் சொல்.

"தப்பைக் கேட்டா அம்மாவால சும்மா இருக்க முடியல. விடாதீங்க ஐயா" என்றாள் அந்தப் பெண்.

விடவில்லை. சரியான விடையை முதலில் உருப்போட்டுக்கொண்டு, பிறகு கவனமாகத் தப்பாகச் சொல்கிறார். வேண்டுமென்றே செய்வதாக ஆட்களிடம்கூடச் சொல்லவில்லை. டீச்சர் காதில் விழுந்துவிட்டால்? ஆனால் திருத்தத்தைத் தாண்டி எதுவும் வருவதில்லை. டீச்சர் தானாக ஒரு வார்த்தை பேச வேண்டும், திட்டினாலும் சரி. மனிதருக்கு வேறு எதையும் கேட்கத் தெரியவில்லை.

நேற்று பல் படம். "டூத்ஸ்!" என்றார். அட்டையை இன்னும் கிட்டே நீட்டினார். "டூத்ஸ், டீச்சர்! டூத்ஸ்!"

வெல்டருக்கு அடக்க முடியவில்லை. "முதலாளி, இத்தனை நாளா படிச்சும் ஒண்ணாங்கிளாஸைத் தாண்டலையே!"

பட்டறையே சிரித்தது. பட்டறைக்காரர் குனிந்து அட்டைகளை அடுக்கினார்.

பட்டென்று ஒரு சத்தம். டீச்சரின் இடது கை நாற்காலியை அறைந்திருந்தது. வெல்டரை முறைத்தபடி, "சிரி... சிரிக்காதே" என்றார்.

சுத்தியல்கள் நின்றன. பட்டறைக்காரர் அடுத்த அட்டையை எடுத்தார். டீச்சரிடம் காட்டவில்லை. தன் முகத்துக்கு நேரே உயர்த்தி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.