அமலோற்பவத்தின் இடது கண்

பம்பாய் லோடு இறக்கிவிட்டு சூரமங்கலம் திரும்பிய லாரி டிரைவர் சின்னப்பராஜ், தன் மனைவி அமலோற்பவம் பக்கத்து வீட்டு அருணகிரியிடம் சிரித்துப் பேசுவதைப் பார்த்தான். கையிலிருந்த வீல் ஸ்பேனராலேயே அவளை முகத்தில் அடித்தான். "கறை புடிச்ச நாயே!" என்று கத்திக்கொண்டே மறுபடி ஓங்கினான். அந்த அடி இடது கண்ணில் இறங்கியது. வலது கண்ணைச் சிறுவயதிலேயே அம்மை கொண்டுபோயிருந்தது. அவளுக்கு மிச்சமிருந்தது அந்த ஒன்றுதான். எழுபத்தாறாம் வருடம் அது.

வீக்கம் வடிந்ததும் ஓரங்கள் தெரிந்தன. கதவு நிலை, விட்டம், ஆட்களின் காதுகள். நேராகப் பார்த்தால் முகம் இருக்கவேண்டிய இடத்தில் கரும்புள்ளி.

"உள்ளே மேக்குலான்னு ஒரு இடம் கிழிஞ்சு போச்சும்மா. இனி சரியாகாது" என்றார் டாக்டர்.

கூட வந்த அண்ணன் பாக்கியநாதன் பாதிரியாராகக் குருமடத்தில் சேர்ந்து லத்தீன் படித்துப் பாதியில் திரும்பியவர். பஸ்ஸில் மெல்லச் சொன்னார்.

"அது லத்தீன் வார்த்தை அம்மிணி. மாக்குலான்னா புள்ளி. கறைக்கும் அதேதான், வலையோட கண்ணுக்கும் அதேதான். மாக்குலா இல்லாதவ இம்மாக்குலாத்தா. அதெத்தான் அப்பன் தமிழ்ல உனக்குப் பேரா வெச்சாரு."

"கண்ணக் குத்துனவனுக்கு லத்தீன்ல என்னங்ண்ணா பேரு?"



அடுத்த வாரம் அண்ணன் வீட்டுக்கே வந்து, "ஊட்டுக்கு வாடி" என்று அவள் முடியைப் பிடித்து இழுத்தான் சின்னப்பராஜ். அவன் முகம் அவளுக்குத் தெரியவில்லை. அம்மிமேல் ஊன்றியிருந்த கை ஓரத்தில் தெரிந்தது. குழவியைத் தூக்கி அதன்மேல் போட்டாள். எலும்பு நொறுங்கும் சத்தம் கேட்டும் நிறுத்தாமல் மறுபடி போட்டாள். லாரி ஜாக்கி நழுவிக் கையில் விழுந்துவிட்டதென்று அவன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டான். பிறகு வரவே இல்லை.

அவள் குமாரபாளையம் போய், தடவித் தடவியே தறிக்கு நூல் சுற்றிக் கொடுத்துப் பிழைத்தாள். மாதா கோயில் பங்கு ஆட்கள் புருசனோடு சேர்த்துவைக்கச் சமாதானம் பேச வந்தபோது கதவைத் திறக்கவில்லை.

எண்பத்துமூன்றில் ஒரு மத்தியானம், அடுத்த வீட்டு மாரி தன் மனைவி சௌந்திரத்தின் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தான். அமலோற்பவம் சத்தம் கேட்டு, சுவரைப் பிடித்தபடியே உள்ளே போய் அவன் மணிக்கட்டைக் கடித்தாள். வாயில் ரத்தம் உப்புக் கரித்தும் விடவில்லை.

"அய்யோ, எம்புருசன உட்றி பேயே!" என்று அலறிய சௌந்திரம் அவள் முதுகில் அறைந்தாள்.

அமலோற்பவம் வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். அன்று சாயங்காலம்வரை நூல் சுற்றினாள்.