நாதஸ்வரம் வாசித்த நில விளம்பரம்

நிலம், வீடு, மனை விளம்பரத்துக்காக நான் ஓர் இணையதளம் நடத்தினேன் என்று சொன்னால் பெரிய கம்பெனி மாதிரிக் கேட்கும். ராமநாதபுரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஜெராக்ஸ் கடைக்கும் பரோட்டாக் கடைக்கும் நடுவில், ஐந்து கம்ப்யூட்டர் வைத்த பிரவுசிங் சென்டர்தான் என் சாம்ராஜ்யம். ஐந்தில் நான்கு ஓடும். எல்லார் சட்டைப்பையிலும் செல்போன் வந்துவிட்டிருந்தாலும், இணையத்தைக் கடைக்குப் போய்த்தான் பார்க்க வேண்டியிருந்த காலம். தேர்வு முடிவு பார்க்க வருகிறவர்கள் போன பிறகு கிடைக்கும் நேரத்தில் அந்தத் தளத்தைக் கவனித்துக்கொள்வேன்.

முதலில் அது வெள்ளைப் பக்கம், கறுப்பு எழுத்து, நிலத்துக்கு ஒரு வரி. "சாயல்குடி பக்கம், ரோட்டுக்குக் கிட்ட, கிணறு உண்டு." அவ்வளவுதான். ஊர் பெயர், விலை, படம் எதுவும் கிடையாது. கட்டணமும் கிடையாது. தரகர்கள் வந்து சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்வேன். துபாயில் இருக்கும் கீழக்கரைக்காரர்கள் பார்த்துவிட்டு என் கடைக்குப் போன் செய்வார்கள். தரகருக்குத் தரகு கிடைக்கும், எனக்கு டீ கிடைக்கும்.

ஊரையும் விலையையும் மறைத்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் பக்கம் நிலத்தை விற்பதென்றால் முதலில் பங்காளியைக் கேட்க வேண்டும். பங்காளி வாங்கவும் மாட்டார், வேண்டாம் என்றும் சொல்ல மாட்டார். "பாப்போம்" என்பார். அந்த ஒரு சொல்லிலேயே நிலம் வருடக்கணக்கில் கிடக்கும். அதனால் ஆட்கள் ரகசியமாக வெளியே விலை பேசி, முன்பணம் கைக்கு வந்த பிறகுதான் பங்காளி வீட்டுக்குப் போய், ஒப்புக்கு ஒரு வார்த்தை கேட்பார்கள். விலையும் வாய்விட்டுச் சொல்லும் சமாச்சாரம் இல்லை. எங்கள் நிலத் தரகர்களில் பாதிப் பேர் ஆட்டுச் சந்தையில் தொழில் பழகியவர்கள். துண்டுக்குள் கையை விட்டு, விரலைப் பிடித்துத்தான் பேசுவார்கள்.

இந்த மண்ணிலேயே பிறந்த எனக்கு இதெல்லாம் நன்றாகத் தெரியும். பிறகு மதுரையில் மூன்று மாதம் வெப் டிசைன் படித்தேன். தெரிந்ததெல்லாம் மறந்துபோயிற்று.

திரும்பி வந்து தளத்தைப் புதுப்பித்தேன். பின்னணிக்குக் கிளிப்பச்சை. மேலே சூரியன் உதிக்கும், பக்கத்தில் நட்சத்திரம் கண்ணடிக்கும். பக்கத்தைத் திறந்தால் மங்களகரமாக நாதஸ்வரம் ஒலிக்கும். ஊர், விலை, படம் மூன்றும் கட்டாயம். நிரப்பாவிட்டால் விளம்பரம் ஏறாது. கூடவே கட்டணமும் வைத்தேன். பணம் கட்டினால் முதல் பக்கத்தில் பொன்னிறக் கட்டத்துக்குள் வரும், கட்டாவிட்டால் ஏழாம் பக்கத்தில் பொடி எழுத்தில் கிடக்கும். அன்று ராத்திரி என் மனைவியிடம், "இனிமே பாரு" என்றேன். அவளும் பார்த்தாள், நானும் பார்த்தேன்.

முதலில் தரகர்கள் வந்தார்கள். முன்னால் நின்றவர் எப்போதும் கட்டம் போட்ட துண்டைத் தோளில் கிடத்தியிருப்பவர். சந்தையில் ஆடு பிடித்த கையோடு நிலத்துக்கு வந்தவர்.

"ஏலே, இது என்னலே பச்சை? வயக்காடா? இங்கனதான் வயலே கெடையாதே, நீயாவது கம்ப்யூட்டர்ல நட்டுப் பாக்குறியா?"

"புது டிசைன் அண்ணே. பழகிட்டா சரியாயிரும்."

"பழகணுமா? பொண்டாட்டிகிட்டயே நான் இன்னும் பழகி முடிக்கல. எங்க சரக்கெல்லாம் எங்கலே போச்சு?"

"ஏழாம் பக்கத்துல இருக்கு. பணம் கட்டுனா முன்னாடி வரும்."

"நாங்க கொண்டாந்து கொடுத்த சரக்கை முன்னாடி வைக்க எங்ககிட்டயே காசா? வெலையப் போட்டுட்டா அப்புறம் தரகன் எதுக்கு? ஊரையும் போட்டுட்டா வாங்குறவன் நேரே பஸ் ஏறிப் போயிருவான். எங்கள என்ன, பாதைக்கு நட்ட கல்லுன்னு நெனச்சியா?"

அடுத்து துபாயிலிருந்து போன். கீழக்கரைக்காரர், தோப்பு வைக்க நிலம் தேடிக்கொண்டிருந்தவர். அவர்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்பார்கள்.

"காக்கா, ஒங்களுக்கு நான் என்ன பாவம் செஞ்சேன்? ஆபீஸ்ல வேலைக்கு நடுவுல உங்க பக்கத்தைத் தொறந்தா கல்யாண மேளம் கேக்குது. மேனேஜர் திரும்பிப் பாக்குறாரு. மூடலாம்னு பாத்தா அந்தச் சூரியன் பாதியிலயே நிக்குது, மேளம் மட்டும் ஓயல. பழையத திருப்பிப் போடுங்க, அல்லா ஒங்களுக்கு நல்லது செய்வான்."

திட்டினாரே தவிர, பழைய பக்கத்தில் பார்த்து வைத்திருந்த ஒரு நிலத்தை அவர் விடவில்லை. கீழக்கரையில் இருக்கும் தன் அப்பாவை, அவர் பேச்சில் வாப்பாவை, அனுப்பி நேரில் பார்க்கச் சொல்வதாகச் சொன்னார். அது என் மச்சானுடையது, அதாவது என் மனைவியின் அண்ணனுடையது. மச்சான் மகளுக்கு மதுரையில் நர்சிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. கல்லூரி திறப்பதற்குள் பணம் கட்டாவிட்டால் இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். மச்சானிடம் விற்பதற்கு அந்த நிலத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை. பக்கத்து நிலம் அவருடைய பெரியப்பா மகனுடையது. "பாப்போம்" என்று சொல்வதில் அவரை மிஞ்ச எங்கள் வட்டாரத்திலேயே ஆள் கிடையாது.

"ஊரு பேரு மட்டும் வேணாம் மாப்ள. அண்ணன் காதுக்குப் போனா பிள்ள படிப்பு போச்சு" என்று மச்சான் என்னிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

நான் என்ன செய்தேன்? சொந்தக்காரராயிற்றே என்று காசு வாங்காமலே அவர் நிலத்தைப் பொன்னிறக் கட்டத்துக்குள் முதல் பக்கத்தின் உச்சியில் வைத்தேன். கட்டத்தை நிரப்பாமல் ஏறாது என்பது நான் போட்ட சட்டம். அதை நானே மீறலாமா? ஊர் பெயரைப் போட்டேன். குறைத்துப் பேச இடம் வைத்து மச்சான் வாய்க்கு வந்தபடி சொல்லியிருந்த விலையையும் போட்டேன். போய்ப் படமும் எடுத்தேன். படத்தில் பாதி, பெரியப்பா மகனின் மோட்டார் ரூம்.

மறுநாள் அந்தத் துண்டுக்காரத் தரகர் வந்து, முதல் பக்கத்தைக் கலரில் அச்சடித்துத் தரச் சொன்னார். மனம் மாறிவிட்டார், எங்கோ மாட்டி வைக்கப் போகிறார் என்று எனக்கு ஒரே சந்தோஷம். நான்கு பிரதி எடுத்துக் கொடுத்தேன். காசும் வாங்கிக்கொண்டேன். அவர் அதை மடித்துத் துண்டில் முடிந்துகொண்டு நேரே மச்சான் ஊருக்குப் போகும் சாயல்குடி பஸ்ஸில் ஏறினார். மச்சானுக்கு மட்டும் ஓசியில் பொன் கட்டமா என்ற ஆத்திரம் அவருக்கு.

அதற்கடுத்த நாள் கீழக்கரையிலிருந்து அந்த வாப்பா வேனில் நிலம் பார்க்கப் போனார். வண்டிப்பாதையின் நடுவே பெரியப்பா மகன் கயிற்றுக்கட்டிலைக் குறுக்கே போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் என் கலர்ப் பிரதி. பெரியவர் வேனை விட்டு இறங்கவே இல்லை. சாயங்காலம் துபாய் போன் வந்தது. "பங்காளிச் சண்டை உள்ள நெலம் நமக்கு வேணாம் காக்கா. ஒங்க மேளம் கேட்டப்பவே நான் சுதாரிச்சிருக்கணும்."

வீட்டில் என் மனைவி சோற்றைப் போட்டுவிட்டுக் குழம்பை ஊற்றாமல் போய்விட்டாள். கேட்டதற்கு, "கட்டணம் கட்டுனா முன்னாடி வரும்" என்றாள்.

பெரியப்பா மகன் ஊர்க்கூட்டம் கூட்டினார். நாடக மேடையில் பெரியவர்கள், கீழே ஊர் முழுக்க. என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். வந்து சேர்ந்ததும், "இவருதான் அந்தப் பச்சைக்காரரா?" என்று ஒருவர் என்னைக் காட்டிக் கேட்டார். "எங்கள மாதிரிதான இருக்காரு" என்று இன்னொருவர் ஏமாற்றத்தோடு சொன்னார்.

"மோட்டார் ரூம் என்னுது. அதையும் சேத்துப் படம் புடிச்சு வெளிநாட்டுல ஓட விட்டுருக்கான். கூடப்பொறந்த மாதிரி வளந்த பங்காளி நான். எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டானா?" என்று பெரியப்பா மகன் சீறினார்.

முறை தவறியதுதான், இப்போதாவது கேள் என்றார்கள் பெரியவர்கள். மச்சான் எழுந்து நின்றார். "அண்ணே, பிள்ள படிப்புக்கு நெலத்தை விக்கிறேன். நீங்க வாங்கிக்கிறீகளா?" என்றார். கூட்டம் முழுக்கப் பெரியப்பா மகனின் வாயையே பார்த்தது. அங்கிருந்து "பாப்போம்" வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது.

ஊர் பார்க்கும்போது அதைச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி, வலது கையை மூடிக்கொண்டு மச்சான் பக்கம் நீட்டினார். அடிமாட்டு விலைக்கு விரல் பிடிக்கப் போகிறார் என்பது எல்லாருக்கும் தெரிந்தது.

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு அம்மாவின் குரல் வந்தது. கையில் நான்கு பிரதியில் ஒன்று. "துண்டு எதுக்குப்பா? அதான் வெலைய இங்கன கொட்டை எழுத்துல போட்டிருக்காகளே!"

கூட்டம் சிரித்தது. இன்னொருவர், "துபாய்க்காரன் இந்த வெலைக்குத்தான வந்தான். அண்ணன்காரன் கொறச்சாக் கேக்கப் போறாரு?" என்றார். பிரதி கைமாறிக் கைமாறி முன்னால் வந்துகொண்டிருந்தது. பெரியப்பா மகன் துண்டையும் நீட்டிய கையையும் மாறி மாறிப் பார்த்தார். விரல் எண்ணிக்கை முழுவதையும் ஊரே முன்கூட்டி வாசித்துவிட்ட பிறகு, துண்டுக்குள் பேச என்ன இருக்கிறது?

"எவன்டா கொறச்சுக் கேட்டது?" என்று கத்தினார். "போட்ட வெலைக்கே எடுத்துக்கிறேன். காலேசு தொறக்கிறதுக்கு முன்னாடி பத்திரம்! சரியா?" பிறகு என்னைப் பார்த்து ஒரு விரலை ஆட்டினார். அந்த விரலின் அர்த்தம் எந்தச் சந்தையிலும் ஒன்றுதான்.

நல்லபடியாக முடிந்ததே என்று யாராவது என்னிடம் சொல்வார்கள் என எதிர்பார்த்தேன். யாரும் சொல்லவில்லை. தரகு போனதென்று துண்டுக்காரருக்குக் கோபம். தோப்புக்கு ஏற்ற நல்ல நிலம் கைநழுவியதென்று துபாய்க்காரருக்குக் கோபம். அண்ணன் உறவு முறிந்தது உன்னால்தான் என்று மச்சான் என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். அவர் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்கும் எனக்குச் சொல்லவில்லை.

நான்கைந்து நாள் கழித்துக் கடை வாசலில் பெரியப்பா மகன் நின்றார். ஓடிவிடலாமா என்று பார்த்தேன். கடைக்குப் பின்வாசல் கிடையாது.

"பரமக்குடி ரோட்டுல எனக்கு ஒரு மனை கெடக்கு. அத வித்தாத்தான் நீ என் தலையில கட்டுன நெலத்துக்குப் பத்திரம் போட முடியும். விளம்பரம் போடு."

நான் பவ்வியமாகக் கட்டங்களைத் திறந்தேன். "எந்த எடம்ணே?"

"எடம் போடாத. என் தம்பிமாருக்குத் தெரிஞ்சிரும்."

"வெல?"

"வெலையா? ஒன் வெலைய நான் பாத்தது போதாதா? படமும் வேணாம். மேளமும் வேணாம். காசும் தர மாட்டேன்."

அவர் உட்கார்ந்திருக்கும்போதே பழைய வெள்ளைப் பக்கத்தைத் தோண்டி எடுத்தேன். "டவுனுக்குக் கிட்ட, நல்ல மனை." ஒரே வரி. மனை விற்றது. ஆனால் விற்றது துண்டுக்காரர். கடைக்குள் வந்து, "ஒன் கம்ப்யூட்டர் இல்ல, நான் வித்தேன். தெரிஞ்சுக்க" என்று சொல்லிவிட்டு, டீ கூடக் குடிக்காமல் போனார். பத்திரம் முடிந்து, மதுரையில் பணமும் கட்டியாயிற்று.

மச்சான் மகள் கிளம்பிய அன்று பேருந்து நிலையத்துக்கு நானும் போனேன். கடைக்குப் பின்னால்தானே. மச்சான் பெட்டியை மேலே ஏற்றிவிட்டு, நான் நிற்கும் பக்கமே திரும்பாமல் நின்றார். பிள்ளை ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டது. பஸ் உறுமியது.

"மாமா! அந்தத் தங்கக் கட்டத்தை வேணும்னா வச்சுக்கங்க. பச்சையை மட்டும் மாத்திருங்க. கண்ணு வலிக்குது" என்று கத்தியது.

பஸ் புழுதியைக் கிளப்பிவிட்டுப் போயிற்று. பக்கத்தில் மச்சான் தொண்டையைச் செருமினார்.

"அத நான் அன்னிக்கே சொல்லணும்னு நெனச்சேன் மாப்ள" என்றார்.